இரும்புப் பிடி

தபால் தலை சேர்ப்பவர்களை உலகம் மதிக்கிறது. பழங்காசு சேர்ப்பவர்களைக் கண்டால் பயபக்தியோடு விலகி வழி விடுகிறது. நான் சேர்ப்பதோ பழைய வைஸ். இதைச் சொன்னால், கேட்பவர் முகத்தில் மெல்ல ஓர் அனுதாபம் படர்வதைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது ஐந்து வைஸ்கள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் சிறியதைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டும். "வெள்ளிக்கிழமை தோறும் இவைகளுக்குக் குங்குமம் வைப்பது ஒன்றுதான் பாக்கி" என்கிறாள் என் மனைவி.

வைஸ் என்றால் எது என்று சில வாசகர்கள் யோசிக்கக்கூடும். சைக்கிள் கடையிலோ லேத்துப் பட்டறையிலோ மேஜை ஓரத்தில் இறுக்கி வைத்திருப்பார்களே, இரண்டு தாடைகளும் நடுவில் ஒரு திருகும் திருகைச் சுற்ற ஒரு கம்பியுமாக, அதுதான். இரும்புத் துண்டை அதன் வாயில் கொடுத்துத் திருகினால், பிறகு அந்தத் துண்டு அசையாது. அரத்தால் ராவலாம், ரம்பத்தால் அறுக்கலாம். அது செய்யும் வேலையெல்லாம் பிடித்துக் கொண்டிருப்பதுதான். ஆனால் பிடித்துக் கொள்ள ஒன்று இல்லாமல் உலகத்தில் எந்த வேலை நடக்கிறது?

இந்தப் பைத்தியம் பிடித்த கதை இது. ஒரு நாவலுக்காக நன்னிலம் பக்கம் சுற்றிக் கொண்டிருந்தேன். ஒரு பழைய நெல் மில்லை இடித்துக் கொண்டிருந்தார்கள். ஆயில் என்ஜின் போயிருந்தது, ஹல்லர் போயிருந்தது. களத்தில் நாலைந்து புறாக்கள் மட்டும் பழைய ஞாபகத்தில் பொறுக்கிக் கொண்டிருந்தன. பழைய இரும்புக் குவியலில் ஒன்று, மடக்கி வைத்த கொக்கின் கால் மாதிரி நீட்டிக் கொண்டு கிடந்தது. தாடைக்குக் கீழே இரண்டு முழத்துக்கு ஒரு கால். வியாபாரி எடைக்கு விலை சொன்னான். நான் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அது கால் வைஸ் என்பது பிறகு தெரிந்தது. ஐரோப்பாவில் 16-ம் நூற்றாண்டிலிருந்தே கொல்லர்கள் கையாண்ட ஜாதி. வார்ப்பிரும்பு அல்ல, அடித்து உருவாக்கிய தேனிரும்பு. வார்ப்பிரும்பைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் விண்டு போகும். கால் வைஸில் அடிக்கிற அடி மேஜைக்குப் போகாமல், கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். ஆள் அடிக்கிறான், பூமி தாங்கிக் கொள்கிறது.

நம் பக்கத்துக் கொல்லர்கள் இது இல்லாமலே எத்தனையோ நூற்றாண்டு வேலை செய்தார்கள். உலைக்கு முன் குந்தி உட்கார்ந்து, குறட்டால் பிடித்து, சில சமயம் கால் விரலாலும் பிடித்து, கொழுவும் அரிவாளும் வண்டிப் பட்டையும் செய்தார்கள். வைஸ் வந்ததும் நடந்த பெரிய மாறுதல் ஒன்று உண்டு: வேலைக்காரன் எழுந்து நின்றான். நின்று கொண்டு அரம் போடுகிறவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வைஸின் வாய் அவன் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் தோள் நோகும். கீழே போனால் முதுகு போகும். ஆகவே பழைய பட்டறை மேஜை ஒன்றைப் பார்த்தால், அதன் முன் நின்ற மனிதனின் உயரத்தைச் சொல்லிவிடலாம். சரித்திரத்தில் ராஜாக்களின் உயரம்கூட இவ்வளவு நிச்சயமாகத் தெரிவதில்லை.

வைஸுக்கும் வேலைக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. ஹென்றி மாட்ஸ்லே என்று ஓர் ஆங்கிலேயன், 1771-ல் பிறந்தவன். பிற்காலத்தில் திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தி, யந்திர உலகத்துக்கே பெரியவனாகப் போகிறவன். பதினெட்டு வயதில் லண்டனில் பிராமா என்ற பூட்டு நிபுணரிடம் வேலை கேட்டுப் போனான். ஏழு வருஷம் முறையாகத் தொழில் பழகாதவனை எப்படிச் சேர்ப்பது என்று தயங்கினார்கள். பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் வாய் தேய்ந்து போன பழைய வைஸ் ஒன்று கிடந்தது. "சாயங்காலத்துக்குள் இதைப் புதுசாக்கித் தருகிறேன், அப்புறம் சொல்லுங்கள்" என்றான். தாடைக்கு எஃகு பற்ற வைத்து, ராவி, பதமேற்றிக் காட்டினான். வேலை கிடைத்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1863-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைச் சொல்கிறார்.

காவிரிக் கரையில் இந்தக் கதை வேறு விதமாக முடிந்தது.

1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷம் திருச்சி வரை போயிற்று. முதலில் அகலப் பாதை. 1870-களில் அதைக் குறுக்கி மீட்டர் பாதை ஆக்கினார்கள். நம் காலத்தில் மறுபடியும் அகலமாக்கியிருக்கிறார்கள். 1874-ல் தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி உருவாயிற்று. அதன் பெரிய பட்டறை நாகையில் இருந்தது. கடலையும் வயலையும் தவிர வேறு பிழைப்பு அறியாத ஊரில், நூற்றுக்கணக்கானவர்கள் வைஸின் முன்னால் நின்று ஃபிட்டர்கள் ஆனார்கள். அப்பன் நின்ற இடத்தில் பிள்ளை நின்றான்.

1920-களின் கடைசியில் பட்டறைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டித் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் வைப்பது என்று கம்பெனி தீர்மானித்தது. செலவைக் குறைக்க மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளை நீக்குவது என்றும் முடிவாயிற்று. 1928-ல் வேலை நிறுத்தம் வெடித்தது. ரயில்கள் நின்றன. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். வேலை நிறுத்தம் தோற்றது. பொன்மலைப் பட்டறை இன்றும் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினே கட்டிய பெருமை அதற்கு உண்டு. பொன்மலைக்குப் போக முடியாதவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் திருவாரூரில் கிடைத்தது. மில்லில் வாங்கிய கால் வைஸை நானே பழுது பார்ப்பது என்று இறங்கினேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். கம்பி பிரஷ் போட்டேன். எமரித் தாளால் இரண்டு நாள் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. திருகு மட்டும் அசையவில்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் போகச் சொன்னார்கள். என்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போனேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, மாட்டுக்குப் பல் பார்ப்பது போல் தாடையைப் பார்த்தார். திருகுப் பெட்டியைச் சூடு காட்டிச் சுத்தியலால் தட்டினார். கால் மணியில் திருகு சுழன்றது. உள்ளே மறைகள் பித்தளைப் பற்றோடு பொன் மாதிரி மின்னின.

"அந்தக் காலத்து வேலை. உள்மறையை வெட்டலை, கம்பியைச் சுருட்டி உள்ளே வச்சுப் பித்தளை ஊத்தியிருக்கான்" என்றார். பிறகு தாடையின் பக்கவாட்டை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இந்த இடத்திலே புள்ளி புள்ளியா ஏதாவது இருந்துதா, தம்பி?"

"இருந்தது ஐயா. துரு அரித்த பள்ளம் என்று நினைத்தேன். தேய்த்து விட்டேன்."

பெரியவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. வைஸைத் துணியால் துடைத்தார்.

"அது பேரு, தம்பி. யார் வைஸோ அவன் பஞ்ச் வச்சு இனிஷியல் போட்டுக்குவான். எங்கப்பா நாகப்பட்டினத்திலே ஃபிட்டர். இருபத்தெட்டுலே வேலை போச்சு. ஏலத்திலே வந்த வைஸ் ஒண்ணை வாங்கிக்கிட்டு மில்லு மில்லாப் போனாரு. எந்த மில்லுலே என்ஜின் நின்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. கடைசியா எந்த மில்லுலே அதை விட்டாருன்னு எங்களுக்குத் தெரியாது."

"இதுவாக இருக்குமா, ஐயா?"

"யாரு கண்டா? இருந்தாலும் இருக்கும். பேரு இருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கூலி வாங்க மறுத்துவிட்டார். வைஸை அங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். "எங்கிட்டே இடம் ஏது? நீங்களே வச்சுக்குங்க. எண்ணெய் மட்டும் போடுங்க" என்றார்.

சரித்திரம் எழுதுகிறவர்கள் கல்வெட்டைப் படியெடுப்பதற்கு முன் கழுவுவார்கள். ஆனால் எழுத்துப் போகிற மாதிரி கழுவ மாட்டார்கள். நான் எழுத்தைக் கழுவிவிட்டுக் கல்லைக் காப்பாற்றினேன். ஒரு மனிதன் வேலை இழந்த பிறகும் இழக்காமல் வைத்திருந்த நாலு புள்ளிகளை, பளபளப்புக்கு ஆசைப்பட்டு இரண்டு நாளில் அழித்துவிட்டேன்.

இப்போது என்னிடம் வரும் வைஸ்களைத் தேய்ப்பதில்லை. சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவுகிறேன், துணியால் துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன். தாடைப் பக்கத்தில் சாக்குக்கட்டியைத் தடவிப் பார்க்கிறேன். ஒன்றில் 'எஸ். ஐ. ஆர்.' என்று இருக்கிறது. இன்னொன்றில் ஐந்து புள்ளிகளால் ஓர் எழுத்து. 'கே'யா 'ஆரா' என்று தெரியவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர் யாராவது ஒரு நாள் வருவார்.

அந்தக் கால் வைஸ் மட்டும் திண்ணைக்கு வரவில்லை. கொல்லையில் மேஜை அடித்துப் பொருத்தியிருக்கிறேன். தச்சர் என் முழங்கைக்கு அளவெடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைஸின் கால் தரையைத் தொடுகிற உயரத்துக்கே மேஜையைப் போடச் சொன்னேன். என் முழங்கைக்கு அது இரண்டு அங்குலம் அதிகம். அரம் போட்டால் தோள் நோகிறது. அவர் என்னைவிட உயரமானவராக இருந்திருக்க வேண்டும்.