பர்ளு கிபாயாவும் மருத்துவமும்

பிள்ளையை மதரஸாவில் சேர்ப்பதா, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா என்று நம் பெற்றோர் தயங்குவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்னும் எண்ணமே அத்தயக்கத்தின் வேர். நம் இமாம்கள் கல்வியை இவ்வாறுதான் பிரித்தார்களா? இதனை அறியப் பகுதாதுக்குச் செல்லுதல் வேண்டும்.

ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் அங்கே நிறுவிய நிஜாமிய்யா மதரஸா 1067இல் திறக்கப்பெற்றது. 1091இல் அதன் ஆசிரியப் பீடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அமர்ந்தார்கள். நான்கே ஆண்டுகளில் அப்பெருமையை உதறி வெளியேறினார்கள். அதன் பின்னர் எழுந்ததே இஹ்யா உலூமித்தீன். நாற்பது நூல்கள் அடங்கிய அப்பெருநூலின் முதல் நூல் தொழுகையைப் பற்றியதன்று, கல்வியைப் பற்றியது.

கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்னும் நபிமொழியை நாம் அறிவோம். அக்கல்வி எது? இதிலே மக்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிரிவினராயினர் என்கிறார்கள் இமாமவர்கள். கலாம் வல்லார் கலாமே என்றனர்; பிக்ஹு வல்லார் பிக்ஹே என்றனர். அவரவர் சரக்கு அவரவர்க்கு உயர்வு!

இமாமவர்களின் தீர்ப்பு வேறு. தம் ஈமானுக்கும் அமலுக்கும் வேண்டியதை ஒவ்வொருவரும் கற்பது பர்ளு ஐன். சமுதாயத்தில் சிலரேனும் கற்றே ஆக வேண்டியது பர்ளு கிபாயா. ஒருவருமே கற்காவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். மருத்துவத்தையும் கணக்கையும் இவ்வகையிலே வைத்தார்கள். உழவும் நெசவும் தையலுங்கூட அங்கே இடம்பெற்றன. கணக்கின்றி வாரிசுகளுக்குப் பாகம் பிரிப்பது எங்ஙனம்? ஆயினும், தேவைக்கு மேற்பட்ட நுணுக்கங்களில் ஆழ்வது சிறப்பேயன்றிக் கடமையன்று என வரம்பும் கட்டினார்கள்.

அடுத்து வருவது ஒரு குமுறல். முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாத ஊர்கள் எத்தனையோ! அதே ஊர்களில் பத்வா வழங்குவோர் நிரம்பியிருந்தும் மாணவர்கள் பிக்ஹையே மொய்த்தனர். காரணம் யாது? மருத்துவம் கற்றால் வக்பு பரிபாலனம் கிட்டாது. அநாதைகளின் சொத்தை மேற்பார்க்கும் பொறுப்பும் காழிப் பதவியும் கிட்டா. இதனைச் சொன்னவர் பிக்ஹைப் பழித்தவரல்லர். ஷாபிஈ மத்ஹபின் பெரும் சட்ட மேதை. ஆகவேதான் அச்சொல் சுடுகிறது.

நம் நாட்டு அரபிக் கல்லூரிகள் பலவற்றில் வழங்கும் தர்ஸே நிஜாமியைப் பெயர் ஒற்றுமையால் பகுதாது மதரஸாவோடு இணைப்போர் உளர். அஃது பிழை. அதனை வகுத்தவர் 1748இல் மறைந்த லக்னோ பிரங்கி மஹல் முல்லா நிஜாமுத்தீன். அப்பாடத்திட்டத்தில் தர்க்கத்தோடு உக்லிதீஸின் வடிவ கணிதமும் வானவியலும் இருந்தன. நாளடைவில் பல மதரஸாக்களில் இவை கைவிடப்பட்டன. அதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைக் காரணம் காட்டுவோருக்கு இஹ்யாவின் முதல் நூல் துணை நிற்காது.