மகரக்கட்டும் ஒரு பாடகரும்



ஸ்டீவி வொண்டர் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது, 1984ஆம் ஆண்டில் ஒரு திரைப்படத்துக்காக அவர் பாடி, மறுவருடம் ஒஸ்கார் விருதையும் பெற்றுக்கொடுத்த அந்தத் தொலைபேசிப் பாட்டுத்தான். இனிமையான பாட்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டவர்கள் இந்தக் கலைஞரைப் பாதிதான் அறிந்தவர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வரலாற்றில் அவருக்குள்ள ஆசனம் 1971க்கும் 1973க்கும் இடைப்பட்ட காலத்திலேதான் உறுதியாயிற்று. அதற்கு முன்னர் பத்தாண்டுகளாக அவர் மேடையிலே பாடிக்கொண்டிருந்தவர் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

1950 மே 13ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்தில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர் அவர். குழந்தையைக் காப்பாற்றக் கொடுக்கப்பட்ட ஒட்சிசனே பார்வையைப் பறித்துவிட்டது. டிட்ரொயிட் நகரில் வளர்ந்த அந்தச் சிறுவனை, 1961இல், பாடகர் ஒருவர் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பனிக்கு அழைத்துச் சென்றார். அதன் அதிபர் பெரி கோர்டி 1959இல் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர். அதற்கு முன்பு மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளி. ஓர் இரும்புச் சட்டம் உள்ளே போய்ப் பளபளக்கும் காராக வெளியே வருவதைக் கண்ட மனிதர், பாட்டையும் அப்படியே செய்யலாம் என்று எண்ணினார். எழுதுவதற்கு ஒரு கூட்டம், வாசிப்பதற்கு ஒரு கூட்டம், பாடுவதற்கு ஒருவர், தேறுமா தேறாதா என்று வாக்கெடுக்க ஒரு வாராந்தக் கூட்டம். இந்த ஏற்பாட்டிலிருந்து அற்புதமான பாட்டுகள் பிறந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தொழிற்சாலை என்றாலே கலைக்குப் பகை என்று எழுதுகிற நம் விமர்சகர்கள் மோட்டவுனைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

சிறுவனுக்கு வாரம் இரண்டரை டொலர் கைச்செலவுக்கு. பாட்டுக்கான பங்குப் பணம் அவனுக்கு 21 வயதாகும் வரை நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்படும் என்பது ஒப்பந்தம். 'லிட்டில்' என்ற அடைமொழியுடன் அறிமுகமானான். 12 வயதில் சிக்காகோவின் ரீகல் அரங்கில் பதிவான 'ஃபிங்கர்டிப்ஸ்' 1963இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாட்டு முடிந்து உள்ளே போன பையன் திரும்பவும் ஓடிவந்து பாடத் தொடங்க, அடுத்த குழுவின் வாத்தியக்காரர் எந்தச் சுருதி என்று பதறிக் கூவுவதுகூட அந்த இசைத்தட்டிலே அப்படியே இருக்கிறது. குழந்தையின் துள்ளல் என்று சனங்கள் கொண்டாடினார்கள்.

குழந்தை வளராதா? பழைய பாலர் நாடக சபைகளில் மகரக்கட்டு என்றொரு சொல் உண்டு. பதினான்கு பதினைந்து வயதில் பையன்களின் குரல் உடைந்து கட்டிக்கொள்வதை அப்படிச் சொல்வார்கள். அதுவரை ராஜபார்ட் போட்டவன் மறுநாள் திரை இழுப்பவனாகலாம். டிட்ரொயிட்டிலும் அதேதான் நடந்தது. குரல் மாறியது, இசைத்தட்டுகள் விற்கவில்லை, பையனை விட்டுவிடலாமா என்ற பேச்சும் கம்பனியில் எழுந்தது. அவ்வேளை அவனுக்காக வாதாடியவர் சில்வியா மோய் என்ற பெண் பாடலாசிரியர். நான் இவனுக்கு ஒரு பாட்டுக் கொண்டுவருகிறேன், அது வென்றால் இவனை வைத்திருங்கள் என்பது அவருடைய கோரிக்கை. அப்படி 1965இல் வந்ததுதான் 'அப்டைட்'. அதன் மூல மெட்டுத் துணுக்கு பையனுடையது. ஆனால் ஒலிப்பதிவு நாளன்று பாட்டின் சொற்கள் பிரெயில் எழுத்தில் ஆயத்தமாகவில்லை. ஆகவே சில்வியா மோய் ஒவ்வொரு வரியாக ஒரு கணம் முந்திச் சொல்ல, ஹெட்போனில் அதைக் கேட்டுக் கேட்டு அந்த 15 வயதுப் பையன் பாடினான். பாட்டைக் கேட்பவர்களுக்கு இது தெரியவே வராது. அத்தனை நம்பிக்கையுடன் ஒலிக்கிறது குரல்.

அதன் பின் ஆறு வருடங்கள் வெற்றிதான். குரல் ஆண்மகனுடைய குரலாகிவிட்டது. என்றாலும் பாட்டு வளர்ந்ததா என்பது வேறு கேள்வி. காதல், ஊடல், மீண்டும் காதல். அழகாகத் தைத்த சட்டை, ஆனால் அளவெடுத்தவர்கள் வேறு ஆட்கள். 1971 ஏப்ரலில் 'வெயர் ஐம் கமிங் ஃபுறம்' என்ற இசைத்தொகுப்பைத் தாமே தயாரித்தார். பாட்டுகளை எழுதியவர்கள் அவரும் மனைவி சிறீற்றா ரைட்டும். போர், வறுமை, நிறவெறி என்று பெரிய விடயங்களையெல்லாம் அதிலே தொட்டார். என் அபிப்பிராயத்தில் அது ஒரு இளைஞன் பெரிய மனிதர் போல் பேச முயன்றது, அவ்வளவுதான். சொல் கனத்திருக்கிறது, இசை பழைய இடத்திலேயே நிற்கிறது. அடுத்த மாதமே அதே கம்பனியிலிருந்து வந்த மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' தொகுப்புடன் வைத்துக் கேட்டால் வேறுபாடு புரியும்.

அந்த மே மாதந்தான் ஸ்டீவிக்கு 21 வயது. கோர்டி பிறந்தநாள் விருந்து கொடுத்தார். விருந்து முடிந்த கையோடு அவருக்குக் கிடைத்தது சட்டத்தரணியின் கடிதம்: சிறுபராயத்தில் செய்த ஒப்பந்தங்கள் இனிச் செல்லாது. பொறுப்பில் இருந்த பணம் சுமார் 10 இலட்சம் டொலர் கைக்கு வந்ததாக அக்காலத்தில் எழுதப்பட்டது. அவர் பாட்டுகள் கம்பனிக்கு ஈட்டிக்கொடுத்ததோ அதைவிடப் பன்மடங்கு. இதில் கோர்டியை மட்டும் வில்லனாக்குவது சுலபம். ஆனால் அன்றைய இசைத்தட்டு வியாபாரம் முழுவதுமே அப்படித்தான் நடந்தது.

கிடைத்த பணத்தைக் கொண்டு இவர் செய்ததுதான் முக்கியம். நேரே நியூயோர்க் போனார். மல்கம் செசில், றொபர்ட் மாகோலெஃப் என்ற இரு ஒலிப்பதிவுக் கலைஞர்கள் 'டொன்ரோ' என்றொரு மின்னிசைக் கருவியைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு அறையையே அடைக்கும் அளவு பெரியது. அதன் குமிழ்களை அவர்கள் திருப்ப, கட்டைகளில் இவர் விரல் ஓடியது. தாள வாத்தியத்தைத் தாமே வாசித்துப் பதிந்து, அதன்மேல் மற்ற வாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தாமே அடுக்கினார். கோரஸ் குரல்களிற் பலவும் அவருடையவையே. 1972 மார்ச்சில் வெளிவந்த 'மியூசிக் ஒஃப் மை மைண்ட்' தொகுப்பில், ஓரிரு இடத்துக் கிற்றாரும் ட்றொம்போனும் தவிர, வாத்தியங்களையெல்லாம் வாசித்தவர் அவர்தாம். ஹெட்போனில் இப்போது அவர் கேட்டது, சற்று முன் தாமே வாசித்து வைத்ததை.

மோட்டவுனுக்கே திரும்பினார், ஆனால் தம் நிபந்தனைகளுடன். 120 பக்க ஒப்பந்தம். பாட்டுகளின் உரிமைக்குச் சொந்தக் கம்பனி. எதைப் பதிவது என்பதில் பூரண சுதந்திரம். அதே வருடம் ஒக்டோபரில் 'டோக்கிங் புக்' வந்தது. அதிலுள்ள 'சுப்பஸ்ரிஷன்' பாட்டின் அந்தக் கரடுமுரடான விசைப்பலகை ஒலியைத் தொழிற்சாலைக் கூட்டமொன்று வாக்கெடுத்து அனுமதித்திருக்குமா என்பது சந்தேகமே.

1973இல் வந்த 'இன்னர்விஷன்ஸ்' தொகுப்பில் 'லிவிங் ஃபோ த சிற்றி' என்று ஒரு நீண்ட பாட்டு உண்டு. மிசிசிப்பியின் ஏழைக் குடும்பத்து இளைஞன் ஒருவன் நியூயோர்க் வந்திறங்குகிறான். யாரோ கையில் ஒரு பொதியைத் திணிக்கிறார்கள். பொலிஸ், நீதிமன்றம், பத்து வருடச் சிறை. தெருவின் இரைச்சலும் சிறைக்கதவின் சத்தமும் ஒரு வானொலி நாடகம் போலவே நடுவில் வருகின்றன. அதன் பின் திரும்பி வரும் குரல் கரகரத்து, தொண்டை கிழிந்தது போல் ஒலிக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் சொல்ல முயன்ற அதே விடயந்தான். ஆனால் இம்முறை எவரும் உபதேசம் செய்யவில்லை. குரலே அந்த இளைஞனாகிவிட்டது.

அந்தத் தொகுப்பு வெளிவந்து மூன்றாம் நாள், 1973 ஓகஸ்ட் 6ஆம் திகதி, வட கரோலைனாவில் அவர் சென்ற கார் மர லொறியொன்றுடன் மோதியது. நினைவிழந்து கிடந்தார். நெடுநாள் நண்பரொருவர் காதோரம் குனிந்து, அதே தொகுப்பிலுள்ள 'ஹையர் கிரவுண்ட்' பாட்டை உரக்கப் பாடினார். சற்று நேரத்தில் அவருடைய விரல்கள் நண்பரின் கைமேல் தாளம் போடத் தொடங்கின. மறுவருடம் மார்ச்சில் அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது 'இன்னர்விஷன்ஸ்' தொகுப்புக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 23.