கோட்டைக்குள் ஓர் அரங்கம்

சிரியாவின் தெற்கே உள்ள புஸ்ராவில் வெளியே தெரிவது அகழி சூழ்ந்த, கோபுரங்கள் நெருங்கி நிற்கும் இடைக்காலக் கோட்டை. பாலத்தைக் கடந்து, இருண்ட நடைவழிகளில் புகுந்து, படியேறி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே இருப்பது புலப்படும்: 37 வரிசைக் கல்லிருக்கைகளுடன் முழுமையான ரோமானிய அரங்கம்.

கி.பி. 106-இல் பேரரசர் டிராஜன் நபத்தேய அரசை ரோமோடு இணைத்தார். அப்படி உருவான அரேபிய மாகாணத்தின் தலைநகரானது புஸ்ரா. அந்த நூற்றாண்டிலேயே அரங்கம் எழுந்தது. கிரேக்கர்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் இருக்கைகளை அமைத்தார்கள். புஸ்ரா அமைந்த ஹவ்ரான் சமவெளியில் அப்படிச் சாய்ந்துகொள்ள மலை கிடையாது. அதனால் வளைவுகளையும் நடைவழிகளையும் தரையிலிருந்தே அடுக்கி, அவற்றின் மேல் இருக்கைகளை ஏற்றினார்கள். கல்லுக்கு அலையவில்லை, எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் அந்த மண்ணிலேயே கிடைத்தது. மேடையின் பின்சுவரைக் கொரிந்தியத் தூண்கள் அழகு செய்தன.

ரோமானியர் காலம் முடிந்ததும் நாடகம் நின்றது. பல ஊர்களில் இத்தகைய அரங்குகள் கல்குவாரிகளாயின. மக்கள் கற்களைப் பெயர்த்தெடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். புஸ்ராவில் அது நடக்கவில்லை. அந்தத் தடித்த அரைவட்டச் சுவரில் படைத்தலைவர்கள் ஓர் அரணைக் கண்டார்கள். முதலில் வாசல்களை அடைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், சிலுவைப்போர்க் காலத்தில், அய்யூபிய ஆட்சியாளர்கள் சுற்றிலும் பெரும் கோபுரங்களை எழுப்பினார்கள். உள்ளே புதிய கட்டடங்கள் முளைத்தன. இருக்கைகள் மண்ணுக்கடியில் போயின. மறைந்ததால்தான் அவை பிழைத்தன.

1947-இல் தொடங்கி 1970 வரை அந்த மண்ணும் பிற்காலக் கட்டடங்களும் அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அமரும் இருக்கைகளில் மறுபடி இசைவிழாக்கள் நடந்தன. 1980-இல் புஸ்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட பின், 2013-இல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலுக்கும் போனது.

இதை ரோமானியரின் சாதனை என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. கட்டியவர்கள் அவர்கள், நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் அய்யூபியர்கள். புஸ்ராவைப் பேணுவதென்றால் அரங்கத்தையும் கோட்டையையும் ஒரே கட்டடமாகப் பேண வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் களைந்தால், இரண்டின் வரலாறும் குறைப்பட்டுப் போகும்.