'ரீட்' என்னும் ஆங்கில வினை: பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'ரீட்' என்னும் வினை, தொடக்கத்தில் எழுத்தோடு தொடர்புடையதன்று. பழைய ஆங்கிலத்தில் 'ரேடன்' என வழங்கிய இச்சொல்லுக்கு அறிவுரை கூறுதல், ஆராய்ந்து துணிதல், மறைபொருளை விளக்குதல் என்பனவே முற்பட்ட பொருள்கள். இதன் இனச்சொல்லாகிய ஜெர்மன் 'ராட்டன்' இன்றும் அறிவுரை கூறுதலையும் ஊகித்தறிதலையுமே குறிக்கிறது.

இப்பழம்பொருளுக்கு நல்ல சான்று ஓர் அரசனின் பெயர். 978 முதல் 1016 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, இங்கிலாந்தை ஆண்ட எத்தல்ரெட்டின் பெயர் 'உயர்ந்த அறிவுரை' எனப் பொருள்படும். அவனுக்குரிய 'அன்ரெடி' என்னும் அடைமொழியை 'ஆயத்தமில்லாதவன்' எனப் பலர் கொள்கின்றனர். அது பொருந்தாது. அடைமொழியின் மூலமான 'அன்ரேட்' என்பது தீய ஆலோசனையைச் சுட்டும். பெயருக்கு முரணாக அமைந்த எள்ளல் அது. அவன் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னரே அது பதிவு பெறுகிறது என்பதால், சமகாலத்தார் கூற்றாக அதனைக் கொள்வதற்கில்லை.

அறிவுரை வாசிப்பான வழியை விடுகதை காட்டுகிறது. விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' இவ்வேரிலிருந்தே பிறந்தது. எழுத்தறிந்தோர் அருகியிருந்த சமூகத்தில் பொறிக்கப்பட்ட எழுத்தும் விடுவிக்கப்பட வேண்டிய புதிராகவே தோன்றியிருத்தல் கூடும். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரெட் மன்னன் எழுதிய முன்னுரையில், இளைஞர் ஆங்கில எழுத்தைப் படிக்கக் கற்பதைச் சொல்லுமிடத்தில் இவ்வினையின் முன்னொட்டுப் பெற்ற வடிவமே பயில்கிறது.

லத்தீன் 'லெகெரே', ஜெர்மன் 'லேசன்' ஆகியவற்றில் வாசித்தற்பொருளோடு பொறுக்கிச் சேர்த்தற்பொருளும் உண்டு. பழைய ஆங்கிலத்திலும் 'லெசன்' இருந்தது. ஆனால் அது சேகரித்தலோடு நின்று, பின்னர் வட்டார வழக்கில் அறுவடைக்குப்பின் கதிர் பொறுக்குதலாகச் சுருங்கியது. இதனைக் கொண்டு, ஆங்கிலம் மட்டுமே வேறு வழி சென்றது என்பது மிகைக்கூற்று. 11ஆம் நூற்றாண்டுச் சுவீடன் ரூன் கல்வெட்டுகளிலும் எழுத்தைப் படித்தறிதலுக்கு இதன் இனச்சொல்லே வழங்கியது. பிற்காலத்தில் அங்கு 'லேசன்' இனச்சொல் மேலோங்க, ஆங்கிலம் பழையதைக் காத்துக்கொண்டது.

கனவு, கைரேகை, முகக்குறிப்பு ஆகியவற்றோடும் 'ரீட்' சேர்ந்து வருவது இதனாலேயே. தமிழ்த் திறனாய்வில் 'மறுவாசிப்பு' என்னும் கலைச்சொல்லில் ஏறியுள்ள விளக்கப்பொருளும் இவ்வாங்கிலச் சொல்லின் வழி வந்ததே. 'வாசி' என்னும் தமிழ் வினையோ பேச்சைக் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. விளக்கும் பணிக்குத் தமிழில் முன்பே 'உரை' என்னும் சொல் இருந்தது.