உறைந்த திரையும் இரண்டாவது சர்வரும்: ஆபரேட்டர் நிலையங்களின் மாற்று ஏற்பாடு குறித்து

தொழிற்சாலைக் கண்காணிப்பு அமைப்புகளின் ஏற்புச் சோதனையில் ஒரு சடங்கு உண்டு. முதன்மைச் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குவார்கள்; சில நொடிகளில் ஆபரேட்டர் நிலையங்கள் மாற்றுச் சர்வருக்குத் தாவும்; சான்றிதழில் கையெழுத்தாகும். கணினி அடியோடு நின்றுபோனால் அமைப்பு தாங்கும் என்பதை மட்டுமே இது மெய்ப்பிக்கிறது. பாதி நின்று பாதி ஓடும் கணினியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எனவே, மாற்று ஏற்பாட்டின் தரத்தை நிலையங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது தவறு. தன் திரையை இனி நம்பக்கூடாது என்பதை ஆபரேட்டர் எவ்வளவு விரைவில் அறிகிறார் என்பதே சரியான அளவுகோல்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் சுமார் 5 கோடிப் பேரைப் பாதித்த மின்தடை இதற்குச் சான்று. மின்வலை வேறு, ரசாயன ஆலை வேறுதான். ஆனால் சர்வர், மாற்றுச் சர்வர், ஆபரேட்டர் நிலையம் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. ஒஹாயோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2:14 அளவில் அலாரம் மென்பொருள் முடங்கியது. சற்று நேரத்தில் தொலைவிலிருந்த சில நிலையங்களும் செயலிழந்தன. 2:41க்கு முதன்மைச் சர்வர் விழுந்தது. வகுத்து வைத்தபடியே அதன் பணிகள் அனைத்தும் மாற்றுச் சர்வருக்குப் போயின. முடங்கிக் கிடந்த அலாரம் மென்பொருளும் முடங்கிய நிலையிலேயே போனது. 13 நிமிடங்களில், 2:54க்கு, மாற்றுச் சர்வரும் விழுந்தது. சர்வர் விழுந்த தகவல் கணினிப் பிரிவினரின் பேஜருக்குத் தானாகவே சென்றது, ஆபரேட்டர்களுக்குச் செல்லவில்லை. 3:08க்கு மறுதொடக்கம் செய்தவர்கள் சர்வர் ஓடுவதைப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். அலாரம் வருகிறதா என்று ஆபரேட்டர்களிடம் கேட்கவில்லை. அதற்குள் 3:05க்கே ஒரு 345 கிலோவோல்ட் பாதை தொய்ந்து மரத்தில் பட்டுத் துண்டிக்கப்பட்டிருந்தது. அலாரம் ஒலிக்காததை அறையிலிருந்தவர்கள் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பின்னர் கண்டறியப்பட்ட மூலகாரணம், இரு செயல்கள் ஒரே தரவுக்குப் போட்டியிடும்போது மட்டும் வெளிப்படும் மென்பொருள் பிழை. நேரப்பொருத்தத்தால் விளையும் இத்தகைய பிழை, தனித்தனியே இயங்கும் இரு சர்வர்களில் ஒரே கணத்தில் நிகழ வாய்ப்பு குறைவு. நிலையை அப்படியே நகலெடுத்து ஒப்படைத்ததால்தான் நோயும் சேர்ந்து போனது. ஆகவே இரு சர்வர்களும் களக் கட்டுப்படுத்திகளிலிருந்து தத்தம் பாட்டில் தரவைப் பெறும் ஏற்பாடே மேல் என்பது என் கருத்து. இதற்கு விலை உண்டு: ஒரு சர்வர் நின்ற நேரத்துப் பதிவுகளை மற்றொன்றிலிருந்து நிரப்ப வேண்டும், ஓரிடத்தில் ஏற்ற அலாரம் இன்னோரிடத்திலும் ஏற்கப்பட்டதாகத் தெரிய வேண்டும், இரண்டின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் இரண்டுமே தம்மை முதன்மையாகக் கருதிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. அதனால் சர்வர்கள் ஒன்றையொன்று கண்காணிக்கும் தடத்தை ஆலை வலையிலிருந்து பிரித்து இழுப்பது கட்டாயம்.

நிலையங்களைக் கூட்டினாலே பாதுகாப்பு கூடும் என்பாரும் உண்டு. நான்கு நிலையங்களும் ஒரே நெட்வொர்க் சுவிட்சிலும் ஒரே யுபிஎஸ்ஸிலும் தொங்கினால், எண்ணிக்கை கண்ணுக்குத்தான். பொதுக்காரணச் செயலிழப்பைக் கணக்கிட ஐஇசி 61508 தரநிலை பீட்டா காரணியைக் கையாள்கிறது. அது பாதுகாப்புச் சுற்றுகளுக்கென எழுதப்பட்டது என்று சொல்லி, கண்காணிப்புத் திரைகளுக்கு அந்தக் கணக்கைப் போடாமல் விடுவது வசதியான வாதம். குறைந்தது ஒரு நிலையமாவது சர்வர்களைத் தாண்டி, கட்டுப்படுத்திகளுடன் நேரடியாகப் பேச வேண்டும்.

ஏற்புச் சோதனையையும் மாற்ற வேண்டும். சர்வரை ஓடவிட்டு, அலாரம் நிரலை மட்டும் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். அன்றாட இயக்கத்திலோ, களக் கட்டுப்படுத்தி ஒன்று குறித்த இடைவெளியில் ஒரு சோதனை அலாரத்தை எழுப்பி, அது முழு வழியையும் கடந்து ஆபரேட்டரின் திரையை எட்டுகிறதா என்று பார்க்கலாம். எட்டாவிட்டால், சர்வர்களோடு தொடர்பற்ற தனிக் கம்பியில் மேசைமேல் ஒரு விளக்கு எரிய வேண்டும்.