உச்சிக்குப் போன கயிறு

1979 மார்ச் மாதம். சிட்னி நகருக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவில் ஒரு கோச்வுட் மரம். அதன் கிளைக்கு மேலாக உண்டிவில்லால் ஒரு மெல்லிய நூலை அனுப்பி, நூலோடு கயிற்றை இழுத்து, முதல்முறையாக அந்தக் கயிற்றில் ஏறினார் மார்கரெட் லோமன். சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாணவி. அவருக்குக் கயிறு ஏறக் கற்றுக்கொடுத்தவர்கள் குகைகளுக்குள் இறங்கும் சங்கத்தினர். மரம் ஏறுவதற்கென்று ஆய்வாளர்கள் வாங்கக்கூடிய இடுப்புப்பட்டை அன்று கிடையாது. கார் சீட் பெல்ட் நாடாவை வெட்டி அவரே தைத்துக்கொண்டார்.

அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தையலை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது துணுக்காகப் படவில்லை. ஒரு பெண்ணின் உடல் எடை முழுவதையும் 100 அடி உயரத்தில் தாங்கப்போவது அவள் கைத்தையல். தையல் பெண்களுக்குரிய வீட்டுக் கலை என்று ஒதுக்கிய அதே உலகத்தில்தான் இது நடந்தது.

கயிறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். பெருமரங்களில் ஏற மரவெட்டிகள் காலில் இரும்பு முள் கட்டி, மரத்தைச் சுற்றி ஒரு வாரைப் போட்டு ஏறினார்கள். தோள் வலு உள்ளவர்களின் வேலை அது. முள் மரத்தையும் காயப்படுத்தும். வேறு வழி மலையேறிகளிடமிருந்து வந்தது. 1931இல் கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரியர் ஒரு முடிச்சை வெளியிட்டார். தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்றைச் சுற்றிப் போடும் முடிச்சு. எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும், எடையை எடுத்தால் மேலே நகர்த்தலாம். அடுத்து நைலான் கயிறு. 1958இல் சுவிட்சர்லாந்தில் யூசி, மார்ட்டி என்ற இருவர் இதே வேலையைச் செய்யும் ஓர் உலோகக் கவ்வியைச் செய்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு 'ஜூமார்' என்று பெயர். குகை ஏறுபவர்கள் இரண்டு கவ்விகளைக் கொண்டு ஒற்றைக் கயிற்றில் ஏறும் முறையைச் செம்மையாக்கினார்கள். ஒரு கவ்வி இடுப்புப்பட்டையோடு, இன்னொன்று கால் வளையத்தோடு. வளையத்தில் எழுந்து நில், பட்டையில் உட்கார், மறுபடி எழுந்து நில். புழு நகர்வதைப் போன்ற ஏற்றம். கை, கயிற்றைப் பிடித்து உடலை நேராக வைத்துக்கொள்ள மட்டும். தூக்குவது தொடைத் தசை.

அதாவது மரம் ஏற இனி தோள் வலு தேவையில்லை. முறை தெரிந்தால் போதும். ஆனால் முறையைக் கற்றுத்தரும் இடம் எது? சங்கங்கள். லண்டனில் 1857இல் தொடங்கிய ஆல்பைன் கிளப், பெண்களை உள்ளே விட்டது 1970களின் நடுவில். பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1907இலேயே தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதே 1907இல்தான் சுவிஸ் ஆல்பைன் கிளப் பெண்களை விலக்கியது. முடிச்சுக்கு ஆண் பெண் தெரியாது. முடிச்சு போடக் கற்றுத்தரும் மேசைக்குத் தெரியும். அந்தக் குகைச் சங்கம் ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டதால்தான் லோமனின் கதையே இருக்கிறது.

மேலே போய் அவர் செய்தது பொறுமை கேட்கும் வேலை. கிளைகளில் உள்ள இலைகளுக்கு மை பேனாவால் எண் எழுதினார். மாதந்தோறும் ஏறி, எந்த இலையில் எவ்வளவு பூச்சி தின்றிருக்கிறது என்று அளந்தார். அதுவரை சூழலியலாளர்கள் தரையில் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்கி, ஓட்டைகளை அளந்து கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. முழுவதுமாகத் தின்னப்பட்ட இலை கீழே விழுவதே இல்லையே! மேலே போய்ப் பார்த்தபோது பூச்சிகளின் பசி முன்பு நினைத்ததைவிடப் பலமடங்கு என்று தெரிந்தது. நிழலில் இருக்கும் சில இலைகள் பத்தாண்டுக்கு மேல் மரத்திலேயே வாழ்வதும் தெரிந்தது.

பிறகு அவர் ஓர் ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணைக் குடும்பத்தில் மணம் முடித்தார். கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த யூகலிப்டஸ் மரங்களை ஆராய்ந்து, ஹரோல்ட் ஹீட்வோலோடு சேர்ந்து 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். கருவுற்றபோது வயிற்றின்மேல் இடுப்புப்பட்டை கட்ட முடியாது. ஆய்வை நிறுத்தவும் மனமில்லை. தெருவிளக்கு மாற்றப் பயன்படும் தொட்டி வைத்த தூக்குவண்டியில் ஏறி இலைகளை எண்ணினார். மருமகள் வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளை வளர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை, 1999இல் வந்த 'லைஃப் இன் தி ட்ரீடாப்ஸ்' நூலில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார். கடைசியில் இரண்டு மகன்களோடு அமெரிக்கா திரும்பினார். ஆட்டுப்பண்ணை என்பதை நெல்வயல் என்று மாற்றினால் நம்மில் பலருக்கு இந்த அத்தியாயம் மனப்பாடம்.

அதே 1979இல், பூமியின் மறுபக்கத்தில், கோஸ்டா ரிகா காட்டில் இன்னொரு மாணவி கயிறு ஏறக் கற்றுக்கொண்டிருந்தார். நளினி நாட்கர்ணி. இந்தியத் தந்தைக்கும் யூதத் தாய்க்கும் பிறந்து, மேரிலாந்து மாநிலத்தில் வீட்டுவாசல் மேப்பிள் மரங்களில் ஏறி வளர்ந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மரமுடிகளைப் பற்றி முனைவர் ஆய்வு செய்கிறேன் என்றபோது, தரையிலேயே ஆயிரம் கேள்வி இருக்கிறது, மேலே போவது டார்ஜான், ஜேன் விளையாட்டு என்ற தோரணையில் ஆய்வுக் குழுவினர் பேசியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த உவமையைக் கொஞ்சம் கவனியுங்கள். டார்ஜான் கதையில் கொடியைப் பிடித்துத் தாவுபவன் யார், அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறவள் யார்?

நாட்கர்ணி ஏறினார். ஒலிம்பிக் தீபகற்பத்து மழைக்காட்டில், மேப்பிள் கிளைகளின்மேல் தடிமனாகப் படர்ந்திருந்த பாசி மெத்தையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வேர்கள். மெத்தையில் வளரும் சிறு செடிகளின் வேர்கள் அல்ல. அந்த மரமே தன் கிளையிலிருந்து வேர் விட்டு, பாசியில் சேர்ந்த மண்ணிலிருந்து உணவு எடுத்துக்கொண்டிருந்தது. 1981இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளியானது. மரம் என்றால் கீழே வேர், மேலே இலை என்று பள்ளியில் படம் வரைந்த எல்லோருக்கும் இது ஓர் அதிர்ச்சிதான். விளையாட்டு என்று சொன்ன உயரத்தில் இருந்துதான் அது வந்தது.

பின்னாளில் அவர் பார்பி பொம்மைக்கு மரம் ஏறும் உடை போட வேண்டும் என்று மேட்டல் நிறுவனத்தைக் கேட்டார். அவர்களுக்கு ஆர்வமில்லை. பழைய பொம்மைகளை வாங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு குட்டி உடை தைத்து, தலைக்கவசமும் கயிறும் சேர்த்து 'ட்ரீடாப் பார்பி' என்று தானே விற்றார். பார்பியை மரத்தில் ஏற்றினால் பெண் விடுதலை வந்துவிடுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நேஷனல் ஜியாக்ரஃபிக்கோடு சேர்ந்து மேட்டல் ஆய்வாளர் பார்பிகளைக் கொண்டுவந்தபோது இவரிடமும் ஆலோசனை கேட்டது. அதற்குள் 2015இல், கயிறு கைவிட்டு சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பும் விலாவும் முதுகெலும்பும் முறிந்து, குணமாகி, மறுபடி ஏறியிருந்தார் அவர்.

ஆய்வாளர்கள் மட்டுமல்ல, சும்மா ஏறுகிறவர்களும் பெருகினார்கள். பாறை ஏறி, பின் மர வைத்தியரான பீட்டர் ஜென்கின்ஸ் 1983இல் அட்லாண்டாவில் பொழுதுபோக்கு மரமேறிகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். இரும்பு முள் கூடாது, கயிறு மட்டும் என்பது அங்கே விதி. மர வைத்தியர்களின் போட்டியோ அதற்கு முன்பே, 1976இல் அமெரிக்காவில் தொடங்கி, பின் உலகப் போட்டியாக வளர்ந்திருந்தது. குறி பார்த்து நூல் எறிதல், மேலே காயம்பட்டுத் தொங்கும் ஆளை மீட்டுக் கீழே இறக்குதல், கிளை கிளையாகப் போய் மணியடித்தல் என்று தொழிலில் உள்ளவையே அங்கே பந்தயங்கள். பெண்களுக்கான பிரிவு வந்தது 2001இல். பாதங்களால் கயிற்றை இறுக்கி ஏறும் பந்தயத்தில் நெடுங்காலம் ஆண்களுக்கு 15 மீட்டர், பெண்களுக்கு 12. அந்த 3 மீட்டர் எதற்கு? வேலைக்குப் போகிற இடத்தில் மரம் பெண்ணுக்காக 3 மீட்டர் குனிந்து கொடுக்காது. நியூசிலாந்தின் கிறிஸ்ஸி ஸ்பென்ஸும் பிரிட்டனின் ஜோசஃபின் ஹெட்ஜரும் பலமுறை உலகப் பட்டம் வென்றவர்கள். இருவரும் பதக்கத்துக்காக மட்டும் ஏறியவர்கள் அல்லர், மரத்தில் வேலை செய்து சம்பாதிப்பவர்கள்.

லோமன் இன்னொன்றும் செய்தார். 2010களில் கான்சாஸின் பேக்கர் பல்கலைக்கழகத்து வில்லியம் மில்லரோடு சேர்ந்து, சக்கர நாற்காலியில் இயங்கும் மாணவர்களைக் கயிற்றில் மரமுடிக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே நீர்க்கரடி என்னும் நுண்ணுயிர்களைச் சேகரித்தார்கள். கால் வலு இல்லாதவர்களுக்குக் கையால் ஏறும் ஏற்பாடு. கருவி உடலுக்கேற்ப மாறலாம் என்றால், இத்தனை காலம் உடலைக் குறை சொன்னதெல்லாம் என்ன?

இந்தக் கயிறு நம் பக்கமும் வந்தது. களக்காடு முண்டந்துறையில், மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி என்ற இடத்தில், சௌபத்ரா தேவி மரமுடிகளில் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பிரியா டேவிதாரோடு சேர்ந்து 2003இல் அவர் வெளியிட்ட கட்டுரை, 86 மர இனங்களின் பூக்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்கிறது. தேனீ, வண்டு, அந்துப்பூச்சி என்று ஒவ்வொரு மரத்துக்கும் அதனதன் விருந்தாளி. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் இது தெரியாது. 2009இல் பெங்களூரில் உலக மரமுடி ஆய்வாளர்கள் கூடினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 'ட்ரீடாப்ஸ் அட் ரிஸ்க்' நூலைத் தொகுத்தவர்கள் லோமன், சௌபத்ரா தேவி, கணேஷ் மூவரும்.

அந்த மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் பனங்காடு. இங்கே மரம் ஏறுவதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள்பெட்டியுமாக ஆண் ஏறினான். பதனீரை விடிலியில் கொதிக்கவைத்துக் கருப்பட்டியாக்கப் புகையில் நின்றவள் பெண். ஏறிய சாதியைத் தாழ்ந்தது என்றார்கள். அந்தச் சாதிப் பெண் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் 1859 வரை போராட வேண்டியிருந்தது. உயரத்தில் ஏறும் உடலுக்கும் கீழே நிற்கும் உடலுக்கும் சேர்த்தே விலை வைத்த சமூகம் இது. அதனால்தான் அட்லாண்டாக்காரர்களின் குதூகலத்தை வாசிக்கும்போது மகிழ்ச்சியோடு ஒரு சிறு கசப்பும் எனக்கு வருகிறது.

மலைக்கு மேற்கே கேரளத்தில் தென்னை ஏற ஆள் கிடைக்காமல் போனது. பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். தேங்காய் மரத்திலேயே முற்றி விழுந்தது. 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியபோது பெண்களையும் சேர்த்தது. ஆண்கள் நிறையப் பேர் இருந்த காலத்தில் யாரும் பெண்களை அழைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கற்றுக்கொண்டது கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி ஜோசஃப் வடிவமைத்த கருவி. இரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு கம்பிக்கயிறு, பாதம் வைக்க ஓர் இடம். எடை விழும் பக்கம் கயிறு மரத்தைக் கவ்வும். எடையை எடுத்த பக்கத்தை மேலே தள்ளலாம். இடது, வலது, இடது, வலது. புரூசிக் 1931இல் போட்ட முடிச்சின் அதே கணக்கு. சுடிதாரும் ஷூவும் போட்ட பெண்கள் அதில் ஏறுகிறார்கள், மட்டைகளுக்கு அடியில் போய் நின்று, இரண்டு கையும் வேலைக்கு ஒழிந்திருக்க, முற்றிய குலை எது என்று தட்டிப் பார்க்கிறார்கள்.