முட்டைக் காசும் மூட்டைத் துணியும்

அமெரிக்காவின் 1930களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் மூடப்பட்ட வங்கிகள் உண்டு. விலை வீழ்ந்து கேட்பாரற்றுக் கிடந்த தானியம் உண்டு. புழுதிப் புயலுக்கு அஞ்சி ஊரைத் துறந்து மேற்கே போன குடும்பங்கள் உண்டு. ஊரைவிட்டுப் போகாமல் தாக்குப்பிடித்த இலட்சக்கணக்கான சிறு பண்ணைகள் எதைக்கொண்டு தாக்குப்பிடித்தன என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் கேட்கப்படவில்லை. ஜோன் ஜென்சன் போன்ற பெண் வரலாற்றாசிரியர்கள் அதைக் கேட்கத் தொடங்கிய பிறகே, கொல்லைப்புறத்துக் கோழிக்கூடு வரலாற்றின் பக்கங்களுக்குள் வந்து சேர்ந்தது.

'முட்டைக் காசு' என்பது அந்நாட்டுப் பண்ணைப் பெண்களிடையே வழங்கிய சொல். கேட்டவுடன் நமக்குச் 'சிறுவாடு' நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சிறுவாடு மறைவானது, அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் ஒளிந்து வாழ்வது. முட்டைக் காசு ஊரறிந்தது. கோதுமையும் சோளமும் விற்ற பணம் கணவன் கைக்குப் போய், அங்கிருந்து அடமானக் கடனுக்கும் கருவிகளுக்கும் போய்விடும். சர்க்கரை, காப்பி, மண்ணெண்ணெய், குழந்தைகளின் காலணி ஆகியவை முட்டையும் வெண்ணெயும் விற்ற பணத்தில் வரும். பல ஊர்களில் பணமே கைமாறுவதில்லை. மளிகைக்காரர் முட்டைக் கூடையை வாங்கிக்கொண்டு, அதன் மதிப்புக்குச் சரக்குக் கொடுப்பார். தானிய விலை சரிந்த ஆண்டுகளில் அடுப்பெரிந்தது பெரும்பாலும் இந்தக் கூடையால்தான். இத்தனைக்கும், சம்பளமின்றித் தன் வீட்டில் வீட்டுவேலை மட்டும் செய்யும் பெண்ணுக்குத் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுமாறு 1910ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது.

கோழி வளர்ப்பு எளிய வேலை என்று நினைப்பவர்கள் கோழியை அறியாதவர்கள். பகற்பொழுது குறுகக் குறுகக் கோழி இடுவது குறையும். பனிக்காலத்தில் பல நாள் கூடு வெறுமையாய்க் கிடக்கும். முட்டை விலையோ அப்போதுதான் ஏறும். வசந்தத்தில் கூடை நிறையும்; விலை இறங்கும். மின்விளக்கு வைத்துப் பகலை நீட்டலாம் என்றால், 1930களின் நடுவில் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. எனவே மலிந்த காலத்து முட்டைகளைச் சோடியம் சிலிகேட் கரைசல் ஊற்றிய மண்சாடியில் அடுக்கிக் குளிர்காலத்துக்குக் காத்தார்கள். குஞ்சுகள் அஞ்சலில் வந்தன. ஒருநாள் வயதுடைய குஞ்சுகளைப் பெட்டியிலிட்டு அனுப்ப அமெரிக்க அஞ்சல் துறை 1918இல் இடங்கொடுத்தது. பொரித்த முதற்சில நாள்களுக்கு உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சட்கருவே குஞ்சுக்கு உணவாவதால், வழியில் அது தீனியின்றித் தாங்கும்.

அடுக்களையில் எதுவும் வீணாகவில்லை. இடுவதை நிறுத்திய கிழக்கோழி, நெடுநேரம் கொதித்து மாவுருண்டைகளோடு குழம்பாகும். கூட்டுக்கு வேண்டாத சேவற்குஞ்சுகள் கோடையில் வறுவலாகும். கதிரடிக்க வந்த ஆட்களுக்கு அதுதான் விருந்து. 'ஏஞ்சல் கேக்' எனப்படும் வெண்பஞ்சுப் பலகாரத்துக்குச் சுமார் ஒரு டஜன் வெள்ளைக்கரு வேண்டும். மீந்த மஞ்சட்கருவை மாவில் பிசைந்து நூடுல்ஸாக அறுத்துக் காயவைத்தார்கள். ரொட்டி வீட்டிலேயே சுடப்பட்டது. ஆகவே கோதுமை மாவு பெரிய பைகளில் வந்தது. கோழித்தீவனமும் அப்படியே வந்தது. அந்தப் பைகள்தாம் கோழிக்கூட்டையும் அடுக்களையையும் தையற்கூடையோடு இணைத்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மாவு மரப்பீப்பாய்களில் போயிற்று. தையல் இயந்திரம் வந்து, கனம் தாங்கும் மூட்டுத் தையல் இயன்ற பின் பீப்பாயின் இடத்தைப் பருத்திப் பை பிடித்தது. 100 பவுண்டுத் தீவனப் பையைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஒரு கெஜத்துக்கு மேல் துணி. பிரிப்பதும் எளிது. சங்கிலித் தையலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் ஒரே இழையாக உருவி வந்துவிடும். அந்த நூலையும் உருண்டையாகச் சுற்றி வைத்தார்கள். தொல்லை கொடுத்தது பையின்மேல் அச்சிட்ட ஆலையின் பெயர். கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி, இரவெல்லாம் ஊறவைத்து, காரச் சவுக்காரமிட்டுத் தேய்த்தாலும் சில எழுத்துகள் போகா. உள்ளாடையில் மாவு ஆலையின் விளம்பரத்தைச் சுமந்து திரிந்த பிள்ளைகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அங்கு ஏராளம்.

பெண்கள் பையைத் துணியாகப் பார்க்கிறார்கள் என்பதை வணிகர்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தனர். ஆசா பேல்ஸ் என்பவர் 1924இல் கட்டம்போட்ட துணியில் பை செய்வதற்குக் காப்புரிமை கோரினார். செயிண்ட் லூயிஸ் நகரத்து ஜார்ஜ் பி. பிளாண்ட் மாவு ஆலை அத்தகைய பையில் 'கிங்கம் கேர்ள்' என்ற மாவை விற்றது. 1930களில் பூப்போட்ட பைகள் பெருகின. பெமிஸ், பெர்சி கென்ட் போன்ற பை நிறுவனங்கள் கோலங்கள் வரையக் கலைஞர்களை அமர்த்தின. ஆலையின் பெயர், தண்ணீரில் ஊறினால் உரிந்துவிடும் காகிதச் சீட்டுக்கு மாறியது. பெரியவர் ஒருவருக்கு ஆடை தைக்க ஒரே கோலத்தில் மூன்று பையாவது வேண்டும். எனவே மனைவி தந்த துணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுக்கின் அடியில் கிடக்கும் நீலப்பூப் பைதான் வேண்டுமென்று கணவன்மார் கடையில் நின்றார்கள். கோழி எந்த நிறுவனத்தின் தீவனத்தைத் தின்பது என்பதை இப்போது பூ தீர்மானித்தது. பூவைத் தேர்ந்தது வீட்டுக்காரி. முட்டை விற்றுத் தீவனம், தீவனத்தோடு துணி, துணியால் சட்டை, மிஞ்சிய வெட்டுத் துண்டால் போர்வை என்று அந்தச் சிறு சக்கரம் அவள் கையிலேயே சுற்றிவந்தது.

குயில்ட் எனப்படும் அந்தப் போர்வை மூன்று அடுக்கு கொண்டது. மேலே துண்டுகளை ஒட்டித் தைத்த கோலம், நடுவில் பஞ்சு, அடியில் பெரும்பாலும் எழுத்து மங்கிய வெள்ளைப் பைகள். மூன்றையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சிறு சிறு ஓட்டுத் தையலால் பிணைக்க வேண்டும். சிறிய வீடுகளில் சட்டத்தைக் கயிற்றால் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, இரவில் மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள், அதன்கீழ் படுத்துறங்குவார்கள். கோலங்களைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. 'கான்சஸ் சிட்டி ஸ்டார்' இதழ் 1928 முதல் 1961 வரை இடைவிடாது வெளியிட்டது. ஓர் இலக்கிய இதழுக்குக்கூட அத்தனை விசுவாசமான வாசகர் கூட்டம் வாய்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

இக்கலை பொதுமேடை ஏறியபோது நடந்ததைச் சொல்லாமல் விட இயலவில்லை. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்குச் சுமார் 24,000 போர்வைகள் வந்தன. பெரும்பரிசு கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் என்பவருக்குக் கிடைத்தது. மொத்தம் 1,200 டாலர். போர்வையோ அவர் தைத்ததன்று. அவரிடம் கூலிக்கு வேலை செய்த பெண்கள் தைத்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. பரிசில் பங்கும் அவர்களுக்கு வரவில்லை. எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அளிக்கப்பட்ட அந்தப் போர்வை பின்னர் எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்தே ஆய்வாளர்கள் இந்தக் கதையை எழுதினர்.

முட்டைக் காசைப் பெண்ணின் சுதந்திரம் என்று போற்றும் எழுத்துகளில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கோழி அவளுடையதாக இருந்தால்தானே காசு அவளுடையது? அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் அமைந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் அடிமைகளின் வழிவந்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் வாழ்ந்தனர். அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்தபின், 1932இல் அவருடைய குடும்பத்தார் கடனுக்கு ஈடாகக் கால்நடை, கோழி, கருவி, தானியம் அனைத்தையும் வாரிக்கொண்டு போயினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவால்தான் ஊர் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தது. கிழிந்த வேலையுடைகளை ஒட்டி அவ்வூர்ப் பெண்களும் போர்வை தைத்தார்கள். குளிர் அடித்தது என்பதே காரணம். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவ்வூர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. 2006இல் அவற்றின் படங்கள் அஞ்சல்தலைகளில் வந்தன.

முட்டைக் காசை முடித்துவைத்த மாற்றம் முட்டைக் காசுக்காரி ஒருவரின் கொல்லையில்தான் தொடங்கியது. டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ ஊரில் கடலோரக் காவற்படை ஊழியரின் மனைவியான செசில் ஸ்டீல், 1923இல் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்தன. திருப்பி அனுப்பாமல் வளர்த்து, இரண்டு பவுண்டு எடை வந்ததும் இறைச்சிக்கு விற்றார். பவுண்டுக்கு 62 சென்ட் கிடைத்தது. அடுத்த ஆண்டு 1,000 குஞ்சுகள்; 1926இல் 10,000 கோழிகளுக்கான கொட்டகை. அவருடைய கணவர் வேலையை விட்டுவிட்டுக் கோழி வளர்க்க வந்தார். அதுவரை பெண்பிள்ளை வேலை என்று ஒதுங்கியிருந்த ஆண்களும் வந்தனர். பின்னர் ஜார்ஜியாவின் ஜெஸ்ஸி ஜுவல் போன்றோர் குஞ்சையும் தீவனத்தையும் தாமே கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறையைப் பரப்பினர். கோழி கூட்டில் இருந்தது. உடைமை நிறுவனத்திடம் போயிற்று.

துணிப்பையும் உடன் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பை மலிந்தது. பெரிய கொட்டகைகளுக்குத் தீவனம் லாரியில் வந்து நேரே தொட்டியில் கொட்டியது. ரொட்டி கடையில் வாங்கப்பட்டதால் மாவுப் பையும் சுருங்கியது. பருத்திப் பையில் தைத்த ஆடைகளுக்குப் போட்டிகள் நடத்திப் பருத்தி வணிகர்கள் 1950களில் முயன்று பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பூப்போட்ட பை ஏறக்குறைய மறைந்துவிட்டது.

செசில் ஸ்டீலும் அவர் கணவரும் 1940இல் படகு வெடித்து இறந்தனர். அவர்களுடைய முதல் இறைச்சிக் கோழிக் கூடு 1974இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மரப்பலகையால் ஆன அந்தக் கூட்டின் நீளம் 16 அடி, அகலம் 16 அடி.